எங்கப்பாவுக்குப் பிடித்த கார்

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

நண்பர்களே, முதலாமாண்டின் முதல் நாள் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? பேர், ஊர், பத்தாவதில் எடுத்த மார்க் எல்லாம் சொல்லி முடித்ததும் சார் கடைசியாக ஒன்று கேட்டார். "உனக்குப் பிடிச்ச கார் எது?" ஆட்டோமொபைல் பிரிவில் வேறு என்ன கேட்பார்கள்! முதல் பெஞ்சிலிருந்து ஆரம்பித்தது. ஃபார்ச்சூனர், தார், பி.எம்.டபிள்யூ., மஸ்டாங்... ஒருவன் புகாட்டி என்றான். அவன் வீட்டில் இருப்பது ஒரு பழைய எக்ஸ்.எல். மொபெட். எனக்குத் தெரியும், அதில் பின்னால் உட்கார்ந்துதான் அட்மிஷனுக்கு வந்தான்.

என் முறை வந்தது. எழுந்து நின்று, "அம்பாசிடர், சார்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. "யாருக்குடா கல்யாணம்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். சாரும் சிரித்துக்கொண்டே, "தம்பிக்கு மியூசியத்துல வேலை ரெடி" என்றார். நானும் சிரித்தபடியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் மட்டும் தொண்டையிலேயே நின்றுவிட்டது. மலரில் இரண்டு பக்கம் காலியாக இருக்கிறது, ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டதால் இப்போது சொல்லிவிடுகிறேன்.

பிடித்த கார் வேறு, கனவுக் கார் வேறு. இதுதான் என் கட்சி. கனவுக் கார் போஸ்டரில் இருக்கிறது. அதற்குப் பஞ்சர் ஆகாது. மழையில் நனைந்தால் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்காது. இரண்டு மாதம் டியூ கட்டாவிட்டால் வாசலில் ஆள் வந்து நிற்காது. ஒரு காரை வாங்கி, துடைத்து, தள்ளி, அதன் அடியில் படுத்து, அதனாலேயே சோறு தின்ற ஒருவரைக் கேட்டால்தான் எது பிடித்தது, ஏன் பிடித்தது என்பதற்கு உண்மையான பதில் கிடைக்கும். எங்கள் வகுப்பில் அறுபது பேரில் அப்படி ஒருவனும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அம்பாசிடர் என்னுடையது அல்ல, எங்கப்பாவுடையது.

எங்கப்பா மூணாங்கிளாஸ். கையெழுத்துப் போடுவார். நம்பர் நன்றாகப் படிப்பார். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பார், அதற்குள் சில சமயம் பஸ் போய்விடும். அம்மாவுக்கு அதுவும் இல்லை. எங்கள் வம்சத்தில் ஒரு கல்லூரி வாசற்படியை மிதித்த முதல் ஆள் நான்தான். பதினாறு வயதில் லாரியில் கிளீனராகப் போனவர் அப்பா. பிறகு வத்தலக்குண்டு கார் ஸ்டாண்டில் ஒரு முதலாளியின் வண்டிக்கு டிரைவர். 2004-ல், 1998 மாடல் டீசல் அம்பாசிடர் ஒன்றை அம்மாவின் தோடு, வளையல், ஒரு கந்துக்கடன் மூன்றையும் சேர்த்து வாங்கினார். ஆக அந்த வண்டி எனக்கு அண்ணன் முறை.

கொஞ்சம் வரலாறு. இங்கிலாந்தில் 1956-ல் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் அச்சுதான் அம்பாசிடர். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை 1950-களின் கடைசியிலிருந்து செய்ய ஆரம்பித்தது. கிரில் மாறியது, பெயரின் பின்னால் ஒட்டிய நம்பர் மாறியது, என்ஜின்கூடச் சில தடவை மாறியது. உருவம் மட்டும் கடைசி வரை மாறவில்லை. அறுபது, எழுபதுகளில் கார் வாங்க ஆசைப்பட்டவருக்குப் பெரும்பாலும் மூன்றே வழி: இந்த அம்பாசிடர், பம்பாயில் செய்த ஃபியட், நம் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதுவும் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1983 டிசம்பர் 14-ல் முதல் மாருதி 800-இன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி ஒருவர் கையில் கொடுத்தார். அன்றைக்கு ஆரம்பித்தது அம்பாசிடரின் இறக்கம். 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றது. 2017-ல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் பிரான்ஸ் நாட்டுப் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. வெறும் பெயர், 80 கோடி! பெயரோடு உடம்பும் உள்ள வண்டி எங்கள் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. காயலான் கடைக்காரர் வாரம் ஒரு தடவை வந்து எடைக்கு விலை பேசிவிட்டுப் போகிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2016-ல் எனக்கு ஒன்பது வயது. கொடைக்கானலில் ஒரு கல்யாண வீட்டு ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். துணைக்கு என்னைக் கூட்டிப்போயிருந்தார் அப்பா. இரவு பத்து மணி இருக்கும். டம்டம் பாறைக்கு மேலே ஒரு வளைவில் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. ஒரே இருட்டு, பனி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவில்லை. பானட்டைத் தூக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். டீசல் பைப்பை விரலால் தடவி மோந்து பார்த்தார். "ஏர் புடிச்சிருச்சுடா. லைட்டப் புடி" என்றார்.

நான் டார்ச்சைப் பிடித்தேன். ஃபில்டர் மேலே இருந்த சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தினார். கைப்பம்பை அமுக்க அமுக்க, ஸ்க்ரூ வழியாக டீசல் நுரைநுரையாக வந்தது. நுரை நின்று சுத்தமாக வழிந்ததும் ஸ்க்ரூவை முறுக்கினார். பைப் முனையில் தேய்ந்துபோயிருந்த வாஷரை மாற்றப் பாக்கெட்டிலேயே வாஷர் வைத்திருந்தார். (மாற்ற வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டு மாற்றாமல் விட்டதும் அவர்தான். அதை அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு.) மொத்தம் இருபது நிமிஷம். வண்டி தடதடவென்று உயிர் பெற்றது.

திரவம் லேசில் அமுங்காது, காற்று அமுங்கும். பைப்பில் காற்றுக்குமிழி இருந்தால் பம்ப் கொடுக்கிற அழுத்தத்தைக் குமிழியே விழுங்கிவிடும், இன்ஜெக்டர் திறக்காது. இதைப் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, பத்து மார்க் கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த ராத்திரி வண்டியில் ஏறி உட்கார்ந்து அப்பா சொன்னது நான்கே வார்த்தை. "காத்து இருந்தா நாசில் திறக்காதுடா."

இன்னொன்று. மலையில் இறங்கும்போது "ஏறுன கியர்லதான் இறங்கணும்" என்பார். புது டிரைவர்கள் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவார்கள். அப்பாவுக்கு அதைப் பார்த்தாலே ஆகாது. எங்கள் அம்பாசிடருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகி விரியும், லைனிங்கின் பிடிப்பு குறையும், பெடல் கீழே கீழே போகும். புத்தகத்தில் இதற்குப் பிரேக் ஃபேடு என்று பெயர். எங்கப்பாவுக்குப் பெயர் தெரியாது, வாசனை தெரியும். லைனிங் கருகுகிற வாசனை மூக்கில் ஏறுவதற்கு முன்னாலேயே இரண்டாம் கியரில் போட்டு என்ஜினால் வண்டியைப் பிடிப்பார். காமக்காப்பட்டி வரைக்கும் அவர் கால் பிரேக்கில் பட்டதைவிட என் கால்தான் முன்னால் இல்லாத பிரேக்கை அதிகம் மிதித்திருக்கும்.

நான் அம்பாசிடருக்குக் கொடி பிடிக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வண்டியின் ஸ்டியரிங்கைத் திருப்ப ஒரு பழனிப் படிப் பஞ்சாமிர்தம் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். கதவை இரண்டு தடவை அறைந்தால்தான் சாத்தும். ஏ.சி. கிடையாது, ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. 1,489 சி.சி. என்ஜினை வைத்துக்கொண்டு அந்தப் பெரிய உடம்பு மலை ஏறுவதைப் பின்னால் வருகிற பஸ்காரர்கள் ரசித்ததாகத் தெரியவில்லை. "இதுக்குப் போட்ட காசுக்கு ரெண்டு பவுனு வாங்கியிருக்கலாம்" என்பது அம்மாவின் கணக்கு. அம்மா கணக்கு அநேகமாகத் தப்பாது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அம்பாசிடர் எளிமை, உறுதி என்று புகழ்கிறவர்கள் அது ஏன் எளிமையாகவே இருந்தது என்று கேட்பதில்லை. போட்டி இல்லாத சந்தையில் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை, அதனாலும்தான். வேறு வழியில்லாமல் வரிசையில் நின்ற ஜனங்களுக்கு அது நல்லதல்ல. ஆனால் பாருங்கள், அதே காரணத்தால்தான் கடைசியில் வாங்கிய எங்கப்பாவைப் போன்ற ஆளுக்கு லாபம். மாறாத வண்டி என்பதால் ஒவ்வொரு ஊர்ப் பட்டறையிலும் அதைத் தெரிந்த ஒருவர் இருந்தார். எங்கள் ஊரில் மெக்கானிக் பாய். அப்பா அவரிடம் வண்டியை விட்டுவிட்டு வந்ததே இல்லை. கூடவே உட்கார்ந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து, "இது எதுக்கு பாய்?" என்று கேட்டுக் கேட்டே படித்தார். புஷ் தேய்ந்தால் லேத்தில் கொடுத்துக் கடைந்துகொள்வார்கள். இங்கே கிடைக்காத பார்ட்ஸுக்கு ராத்திரி பஸ் ஏறிச் சென்னை புதுப்பேட்டை. பானட்டைத் திறந்தால் உள்ளே ஆள் நின்று வேலை பார்க்கிற அளவு இடம். கண்ணுக்குத் தெரியாத எதுவும் அதில் இல்லை. எழுத்துப் படிக்காத எங்கப்பா அட்டை முதல் அட்டை வரை படித்த ஒரே புத்தகம் அது.

2018-ல் அம்பாசிடரை டாக்சியிலிருந்து எடுத்து ஓன் போர்டாக மாற்றினோம். ஏ.சி. இல்லாத வண்டியில் யார் ஏறுகிறார்கள்? அடுத்த வருஷம் லோன் போட்டு ஒரு செகண்ட்ஹேண்ட் டீசல் கார் வாங்கினார். கம்பெனி பேர் வேண்டாம். நல்ல வண்டிதான், சும்மா சொல்லக்கூடாது. மைலேஜ் கொடுத்தது, குளிர்ந்தது, சத்தமில்லாமல் மலை ஏறியது. நான்கு மாதம் கழித்து பெருமாள்மலைக்குக் கொஞ்சம் முன்னால், வண்டி நிறையப் பார்ட்டி உட்கார்ந்திருக்கும்போது, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி நகரமாட்டேன் என்கிறது. அப்பா பானட்டைத் திறந்தார். உள்ளே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி. அதைக் கழற்றினால் ஒயர், ஒயர், ஒயர். மோந்து பார்த்தார், காது வைத்துக் கேட்டார். ஒன்றும் இல்லை. பார்ட்டி வேறு வண்டி பிடித்துப் போய்விட்டது, வாடகையும் போய்விட்டது.

கட்டி இழுத்துக்கொண்டு ஒரு வொர்க்‌ஷாப்புக்குப் போனோம். அங்கே ஒரு அண்ணன், நம்மைப் போல டிப்ளமோ முடித்தவர், லேப்டாப்பில் ஒயரைச் செருகினார். ஐந்து நிமிஷம். ரெயில் பிரஷர் சென்சாரின் கனெக்டர் பின்னில் பச்சை பூத்து லூசாகியிருந்தது. சுத்தம் செய்து அழுத்திவிட்டார், வண்டி சரியாகிவிட்டது. அப்பா, பாயிடம் கேட்பதுபோலவே, "என்ன தம்பி அதுல போட்டிருக்கு?" என்று எட்டிப் பார்த்தார். அந்த அண்ணன் லேப்டாப்பைத் தன் பக்கம் லேசாகத் திருப்பிக்கொண்டு, "அது உங்களுக்குப் புரியாதுண்ணே, பில்லுக்கு கவுன்டர்ல போங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பின்னால் நான்கு வண்டி நின்றுகொண்டிருந்தது.

அன்று ராத்திரி அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. "பைசா போனதுகூடப் பரவால்லடா. முப்பது வருசம் வண்டியோட கெடந்தவன். கண்ணக் கட்டி விட்டாப்புல இருந்துச்சு" என்றார். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், எங்கும் போகாத அம்பாசிடரின் அடியில் படுத்துக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆட்டோமொபைல் எடுக்கணும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் கவுன்சலிங்கில் கிடைத்தது இதுதான்.

போன வருஷம் ட்ரெயினிங் போன இடத்தில் ஸ்கேனரைக் கையில் தொட்டுப் பார்த்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு பின் சாக்கெட் ஒன்று இருக்கும், அதில் செருகினால் கோளாறு எண்ணாக வந்து விழும். நண்பன் ஒருவனிடம் போனோடு பேசுகிற சின்ன அடாப்டர் இருந்தது. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்கிப் போனேன். வேண்டுமென்றே அதே சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பி 0193 என்று வந்தது.

"இது என்ன நம்பர்?" என்றார்.

"அந்த சென்சார்லருந்து வர்ற சிக்னல் சரியில்லைன்னு அர்த்தம்ப்பா."

"அப்ப சென்சார் போச்சா, ஒயர் போச்சா?"

நண்பர்களே, இந்தக் கேள்வியை எங்கள் வைவாவில் எக்ஸ்டெர்னல் கேட்டபோது பாதிப் பேருக்குப் பதில் தெரியவில்லை. கோடு என்பது விடை அல்ல, எங்கே தேடணும் என்று காட்டுகிற கைதான். பார்ட்டை மாற்றுவதற்கு முன்னால் ஒயரைப் பார்க்கணும். மூணாங்கிளாஸ் படித்த மனுஷன் ஒரு நிமிஷத்தில் அந்த இடத்துக்கு வந்துவிட்டார். அப்புறம் என்ன, நம்பர்தான் அவருக்குப் படிக்கத் தெரியுமே! இப்போது அப்பாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. இடது பக்கம் கோடு நம்பர், வலது பக்கம் அவரே பேனாவால் வரைந்த படம். எந்தப் பார்ட், எந்த மூலையில், எந்த நிற ஒயர். பதினேழு கோடு சேர்ந்திருக்கிறது. ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஆகவே நான் சொல்ல வருவது, பழைய வண்டி நல்லது, புது வண்டி கெட்டது என்பது அல்ல. புது வண்டியின் விஷயம் எங்கப்பாவுக்குக் கஷ்டமாக இருந்ததால் அவர் தோற்கவில்லை. யாரும் காட்டாததால் தோற்றார். அம்பாசிடரில் பாய் காட்டினார். அடுத்த வருஷம் ஏதோ ஒரு வொர்க்‌ஷாப்பில் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவது நாம். எதிரில் எண்ணெய்க் கையோடு எட்டிப் பார்க்கிறவர் உன் அப்பாவாகவோ என் அப்பாவாகவோ இருக்கலாம். ஸ்கிரீனை எந்தப் பக்கம் திருப்பப் போகிறோம்?

நமக்கும்கூட யாராவது காட்ட வேண்டும், அது தனிக் கதை. நம் லேபில் ஸ்கேனர் ஒன்று. அறுபது பேர். முன் வரிசை பார்த்தது, பின் வரிசை முன் வரிசையின் முதுகைப் பார்த்தது. கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டத் தெரிகிற நமக்கு, 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற பி.எஸ். 6 வண்டி ஒன்றை லேபில் தொட்டுப் பார்க்கக்கூடக் கிடைக்கவில்லை. கார்புரேட்டர் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், அடிப்படை அதில்தான் புரிகிறது. பேரவை சார்பில் இன்னும் இரண்டு ஸ்கேனர் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். அடுத்த வருஷப் பேரவை அதை மறந்துவிடக்கூடாது என்பதற்காகவே இங்கே அச்சில் ஏற்றுகிறேன்.

இந்தக் கட்டுரைக்காக அப்பாவிடம் நேராகவே கேட்டேன். "நீங்க வச்சிருந்ததுல உங்களுக்குப் பிடிச்ச கார் எதுப்பா?"

"இதென்ன கேள்வி? அம்பாசிடர்தான்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா உங்கம்மாவையும் உன்னையும் ஏத்திக்கிட்டு மலைக்குப் போறதுன்னா அத எடுக்க மாட்டேன். பலூன் இருக்கிற வண்டியத்தான் எடுப்பேன். புடிச்சது வேற, அது வேற" என்றார். ஏர்பேக்கை அவர் பலூன் என்றுதான் சொல்வார்.

வண்டியின் கதை இன்னும் முடியவில்லை. பழைய கார்களுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2023-ல் அப்பா முனகிக்கொண்டே கட்டினார். 2025-ல் இருபது வயது தாண்டிய கார்களுக்கு 10,000 என்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் வண்டிக்கு அடுத்த தவணை 2028-ல். அம்மா இப்போதிருந்தே காயலான் கடைக்காரருக்கு டீ போட்டுக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"நம்ம காலேஜ் வொர்க்‌ஷாப்புக்குக் கொடுத்துரலாமாப்பா? ஜூனியர் பசங்க கழட்டிப் படிப்பாங்க" என்று கேட்டுப் பார்த்தேன்.

"கொடுத்தா ஒரு வாரத்துல ஒரு நட்டுகூட மிஞ்சாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு நாள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் நான் காலேஜுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார். "உங்க கிளாஸ்ல எத்தன பேருடா?"

"அறுபதுப்பா."

"எல்லாத்தையும் ஒரே நாள்ல கூட்டியாராத. பத்துப் பத்துப் பேரா ஞாயித்துக்கெழம கூட்டியா. நான் கழட்டிக் காட்டுறேன். அவங்க மாட்டிட்டுப் போகணும்."

முதல் பத்துப் பேரில் வர விரும்புகிறவர்கள் என்னிடம் பேர் கொடுக்கலாம். பழைய சட்டை போட்டு வரவும். மதியச் சோறு எங்கள் வீட்டில். புகாட்டிக்காரனுக்கு முன்னுரிமை உண்டு.